எலும்பு நின்ற ஏழு வாரங்கள்

நோயாளியின் பெயர் மணி. ஜெர்மன் ஷெப்பர்டு இனம், ஆண். முதன்முதலில் என் மேசையில் ஏறியபோது வயது ஒன்பது வாரம், எடை 7.4 கிலோ. வளர்ப்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். குன்னூருக்குச் சற்றுக் கீழே, தேயிலைச் சரிவை ஒட்டிய வீட்டில் மனைவியுடனும் மகள்வழிப் பேத்தியுடனும் இருக்கிறார். இரவில் சிறுத்தை நடமாடும் இடம். அந்தத் தெருவில் போன இரண்டு ஆண்டுகளில் நாய்கள் காணாமல் போயிருக்கின்றன. அதனால் "நல்ல திடமான நாய்" வேண்டும் என்று தேடி வாங்கிய குட்டி.

இந்த நோயில் என் கையும் இருக்கிறது. எங்கே, எப்படி என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வருகை, மே

சீசன் கூட்டம் நிரம்பிய ஞாயிற்றுக்கிழமை மாலை. மூடப் போகும் நேரத்தில் ஹவில்தார் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். குட்டி முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. எச்சில் நூலாக வழிந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். மேல் அண்ணத்தின் குறுக்கே, இரு பக்கப் பால்பற்களுக்கும் நடுவில், மூன்று சென்டிமீட்டர் நீள விலா எலும்புத் துண்டு ஒன்று பாலம் போட்டதுபோல் மாட்டியிருந்தது. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியை ஒரு முனையில் கொடுத்துத் திருப்பியதும் 'டக்' என்று கழன்று வந்தது. அண்ணத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

எலும்பைப் பஞ்சின் மேல் வைத்தேன். அது மஞ்சள் ஏறிய எலும்பு. இன்று கண்ணை மூடினாலும் அந்த நிறம் தெரிகிறது. அன்று பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "பச்சை இறைச்சிதான், டாக்டரம்மா. மகன் சொன்ன முறை" என்றார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நாய்க்குச் சமைக்காத இறைச்சியும் சதையோடு கூடிய எலும்பும் ஈரலும் கொடுத்தால் போதும், பாக்கெட் தீவனம் தேவையில்லை என்று போனில் பாடம் எடுத்திருக்கிறான். கோழிக் கழுத்தும் முதுகெலும்பும் மாட்டிறைச்சியும் ஈரலும்தான் உணவு. கழுத்து எலும்பைக் குட்டிக்காக அவர் வீட்டு அம்மா அம்மியில் நசுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதத்தில் மட்டும் எலும்பால் வந்த மூன்றாவது நாய் அது. ஒன்றுக்கு உணவுக்குழாயில், இதயத்துக்கு மேலே, ஆட்டு முதுகெலும்பு சிக்கிக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருந்தது. இன்னொன்றுக்குத் தொடையெலும்பைக் கடித்துக் கடித்து மேல் கடைவாய்ப் பல் பலகையாகப் பிளந்திருந்தது. சீட்டில் மருந்துக்குக் கீழே "எலும்பு — கூடாது" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் சீட்டைப் படித்துவிட்டு, "சரி, டாக்டரம்மா. நாளையிலிருந்து நிறுத்தம்" என்றார். சல்யூட் அடிக்காததுதான் குறை.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை நான் கேட்கவில்லை. இந்த எலும்பு எங்கிருந்து வந்தது? எலும்பை நிறுத்தினால் தட்டில் மிச்சம் என்ன இருக்கும்?

இரண்டாம் வருகை, ஜூலை

ஏழு வாரம் கழித்து, மூன்று நாள் ஓயாத தூறலுக்கு நடுவில், குட்டியைக் கைக்குழந்தைபோல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை அம்மாவும் உடன் வந்திருந்தார். பதினாறு வார வயது, எடை 13.2 கிலோ. ரோமம் பளபளவென்று இருந்தது; தொடையில் நல்ல சதை. வாசலில் பார்ப்பவர் யாரும் இதை ஊட்டக்குறைவு என்று சொல்லமாட்டார். இந்த நோயின் வஞ்சனை அதுதான்: வெளியே வளம், உள்ளே வறட்சி.

பத்து நாட்களாகப் படி ஏற மறுக்கிறது. தூக்கினால் கத்துகிறது. நிற்கும்போது பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொள்கிறது. மலம் கழிக்க முக்குகிறது. முந்தின நாள் திண்ணையிலிருந்து, ஒரு அடி உயரம்கூட இல்லாத திண்ணையிலிருந்து இறங்கியபோது வீல் என்று அலறியது. அதிலிருந்து வலது பின்னங்காலை ஊன்றவில்லை.

"குளிர் பிடித்துக்கொண்டது. வெயில் முகத்தையே பார்க்கவில்லை, பாவம்" என்றார் அம்மா. கால்களில் நீலகிரித் தைலம் தேய்த்திருக்கிறார். அறை முழுவதும் அந்த மணம். இந்த ஊரில் எந்த வலிக்கும் முதல் மருந்து அதுதான். நாய் அதை நக்கினால் நஞ்சு என்று சொல்லித் துடைத்துவிட்டேன்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. மழைக்கால மலையூர்களில் குட்டிக்குக் கால் வளைந்தால் பழி மூடுபனி மேல்தான் விழும். மனிதத் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கிறது. நாயின் தோலுக்கு அந்த வேலை தேவையான அளவுக்கு வராது. அதற்கான மூலப்பொருள் தோலில் மிகக் குறைவு. நாய் அந்த வைட்டமினை உணவிலிருந்துதான் பெற வேண்டும். ஆகவே குட்டியைத் தினமும் மொட்டை மாடியில் காய வைத்தாலும் இந்த எலும்பு தேறியிருக்காது.

உடல் வெப்பம் 101.8 டிகிரி, இயல்பு. ஈறு நல்ல இளஞ்சிவப்பு, உண்ணி இல்லை. மூட்டுகளில் வீக்கம் இல்லை. ஆனால் கால்களின் நீண்ட எலும்புகள் எதைத் தொட்டாலும் வலி. முதுகில் கை வைத்தால் கூனிக்கொண்டது. வலது தொடையில் கைக்குத் தட்டுப்பட்ட கோணம் சரியாக இல்லை.

ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி நொண்டினால் மருத்துவரின் மனம் தானாகவே 'பேனாஸ்டைட்டிஸ்' என்ற வளர்பருவ எலும்பு வலிப் பக்கம் போகும். என் மனமும் போனது. ஆனால் அது பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கு மேல் வருவது. ஒரு கால் விட்டு ஒரு கால் மாறும். வளர்ச்சிப் பகுதிகள் வீங்கி வரும் இன்னொரு நோய்க்குக் காய்ச்சல் இருக்க வேண்டும், மணிக்கட்டுக்கு மேலே எலும்பு புடைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. அடிபட்டதா என்று கேட்டேன். திண்ணையைத் தவிர எதுவும் இல்லை. ஒரு அடித் திண்ணையில் தொடையெலும்பு முறியுமென்றால், கோளாறு திண்ணையில் இல்லை.

அப்போதுதான் "இப்போது என்ன தின்கிறது?" என்று கேட்டேன். ஹவில்தார் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கோடு போட்ட நூறு பக்க நோட்டு. ஸ்கேல் வைத்துப் பத்தி பிரித்திருந்தார்: தேதி, காலை, மாலை, எடை, மலம். மே மாதப் பக்கத்தில் நான் கொடுத்த சீட்டு ஒட்டப்பட்டிருந்தது, இரட்டை அடிக்கோட்டோடு. அதன் கீழே நீல மையில்: "இன்று முதல் எலும்பு முழுமையாக நிறுத்தம். டாக்டர் உத்தரவு."

உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார். கோழிக் கழுத்து போயிற்று, முதுகெலும்பு போயிற்று. கசாப்புக்காரரிடம் சொல்லி நார் எலும்பு எதுவும் இல்லாத தொடைக்கறியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். மே மாத முதல் பக்கங்களில் இருந்த பாலும் பேதி ஆகிறது என்று நின்றுவிட்டது. ஜூலை முதல் நாள் பக்கத்தில் இருந்தது இது: எலும்பில்லாத மாட்டிறைச்சி 550 கிராம், ஈரல் 100 கிராம், முட்டை ஒன்று. முட்டை ஓடு குப்பைக்கு.

அந்த மஞ்சள் எலும்பைப் பற்றியும் அன்றைக்குத்தான் கேட்டேன். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள் என்று பாட்டி சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து அவள் மேசைக்கு அடியில் நழுவவிட்ட விலா எலும்பு அது. வெந்து, ஈரம் வற்றி, உடைந்தால் ஊசியாகச் சிதறும் எலும்பு. குட்டியின் வாயில் சிக்கியது குழம்பு எலும்பு. நான் தண்டித்தது பச்சை எலும்பை.

படம்

ஊரில் அன்று எக்ஸ்ரே எடுக்க வழியில்லை. கோயம்புத்தூர் போக வேண்டும். பர்லியார் வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் இந்தக் குட்டிக்கு ஒரு அபாயம். அட்டைப் பெட்டியில் பழைய கம்பளியைத் திணித்து, உடல் உருளாதபடி இரு பக்கமும் துணிச்சுருள் வைத்து, வலி மருந்து கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மாலை படங்கள் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன்.

நலமான குட்டியின் எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரங்கள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் பளிச்சென்று தெரியும். சதை சாம்பல் நிறமாகப் பின்வாங்கும். மணியின் படத்தில் எலும்புக்கும் சதைக்கும் நிற வித்தியாசமே குறைவு. எலும்பின் புறச்சுவர் பென்சிலால் மெல்ல இழுத்த கோடு. வலது தொடையெலும்பு நடுவில் மடங்கியிருந்தது. முறிவு என்று சொல்வதைவிட மடிப்பு என்பதே சரி. காய்ந்த குச்சி ஒடிவது வேறு, பப்பாளி இலைத் தண்டு மடங்குவது வேறு. இது இரண்டாவது வகை. இடுப்பெலும்பும் இலேசாக உள்வாங்கியிருந்தது. மலம் முக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் இயல்பான அகலத்தில் இருந்தன. இது முக்கியம். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் என்றால் அவை அகன்று, கிண்ணம்போல் குழிந்திருக்கும். இங்கே தட்டுகள் ஒழுங்கு. எலும்பில் சுண்ணாம்புதான் இல்லை.

இரத்தப் பரிசோதனையில் கால்சியம் டெசிலிட்டருக்கு 9.6 மில்லிகிராம். இயல்பு! ஹவில்தார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கழுத்தில் பாராதைராய்டு என்று நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் கால்சியம் ஒரு துளி இறங்கினாலும் அவை விழித்துக்கொள்ளும். எலும்பைக் கரைத்து இரத்தத்தை நிரப்பும். இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் அந்த அளவு எப்போதும் நிலையாக இருந்தாக வேண்டும். உணவில் கால்சியம் வராமல், பாஸ்பரஸ் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால், சுரப்பி இரவும் பகலும் எலும்பைச் சுரண்டும். அன்றாடச் செலவுக்கு வீட்டு உத்திரத்தைப் பெயர்த்து விற்பதுபோல. கையில் காசு குறையாது, வீடுதான் நிற்காது. இந்த நோய்க்கு, ஊட்டக்குறைவால் வரும் இரண்டாம் நிலைப் பாராதைராய்டு மிகைச் சுரப்பு என்று பெயர். பெயர் நீளம், காரணம் சிறியது.

நோட்டுக் கணக்கு

நோட்டு கிராம் கணக்கில் இருந்ததால் வேலை எளிதாயிற்று. எலும்பில்லாத மாட்டிறைச்சி 100 கிராமில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 200. ஈரலில் நிலைமை இன்னும் மோசம்: 5-க்கு 380 என்று வைத்துக்கொள்ளலாம். ஓடில்லாத முட்டையில் 28-க்கு 99. கூட்டினால் குட்டிக்கு நாளொன்றுக்குக் கிடைத்த கால்சியம் 88 மில்லிகிராம், பாஸ்பரஸ் 1,579. விகிதம் ஒன்றுக்குப் பதினெட்டு. வளரும் குட்டிக்கு இது ஒன்றுக்கு ஒன்றுக்குக் குறையாமல், கால்சியம் சற்று மிகுதியாக இருக்க வேண்டும்.

அளவிலும் பார்ப்போம். குட்டிகளுக்கு 1,000 கிலோகலோரி உணவுக்கு 3 கிராம் கால்சியம் என்பது பரிந்துரை. மணியின் தினசரி உணவு ஏறக்குறைய 1,000 கிலோகலோரி. தேவை 3,000 மில்லிகிராம், கிடைத்தது 88. முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மே மாதச் சீட்டுக்கு முன்பு அந்தக் கால்சியத்தைச் சுமந்துவந்தது அம்மியில் நசுங்கிய கோழிக் கழுத்து. அதைத்தான் நான் இரண்டு அடிக்கோடு போட்டு வெளியேற்றினேன்.

1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் பச்சை உணவு முறையை நூலாக எழுதியபோது அதன் நடுநாயகமாக வைத்தது இறைச்சியை அல்ல, சதையோடு கூடிய பச்சை எலும்பை. அந்த முறையோடு எனக்குப் பல சண்டைகள் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் எலும்பை உருவிவிட்டு இறைச்சியை மட்டும் வைத்தால் அது அந்த முறையும் இல்லை, வேறு எந்த முறையும் இல்லை. மகன் சொன்னது அரைகுறை அல்ல; என் திருத்தம்தான் அரைகுறை.

இதை ஹவில்தாரிடம் அப்படியே சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உத்தரவைச் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்க வேண்டியது நானும்தான்" என்றார். அம்மாவுக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. "படித்தவர்கள் சொன்னால் நாங்கள் கேட்போம், நீங்கள்தானே யோசித்துச் சொல்ல வேண்டும்?" என்றார். அதற்குப் பதில் இல்லை.

சிகிச்சை

"ஒரு கால்சியம் ஊசி போட்டுவிடுங்கள்" என்றார் ஹவில்தார். எல்லோரும் கேட்பார்கள். இரத்தத்தில் கால்சியம் குறையாத நாய்க்கு நரம்பில் கால்சியம் ஏற்றினால் எலும்புக்குப் போகாது, இதயத்தைத் தாக்கும். வைட்டமின் டி ஊசியும் வேண்டாம். மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். மாவுக்கட்டும் போடவில்லை. காகிதச் சுவர்போன்ற எலும்பில் கட்டுப் போட்டால் கட்டு முடியும் இடத்தில் அடுத்த மடிப்பு விழும். கம்பி, தகடு எதுவும் அந்த எலும்பில் பிடிக்காது.

மருந்து என்பது உணவும் கூண்டில் அடைத்து வைப்பதும்தான். பெரிய இனக் குட்டிகளுக்கான முழுமையான காய்ந்த தீவனம், வெந்நீரில் ஊறவைத்து, நாளைக்கு நான்கு வேளை. அதற்கு மேல் கால்சியம் மாத்திரையோ பொடியோ ஒரு சிட்டிகைகூடக் கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. ஆறு மாதத்துக்கு முன் அவற்றின் குடல் மிகுதியைத் தடுத்து நிறுத்தாது. தீவனத்திலேயே அளவு சரியாக இருக்கிறது. நம் கை அதில் நுழைய வேண்டாம். வலிக்கு மெலாக்சிகாம் ஐந்து நாள் மட்டும். மலம் இளக லாக்டுலோஸ் சிரப்.

"பாக்கெட் தீவனமா?" என்று ஹவில்தார் முகம் சுளித்தார். உளுத்துப்போன அரிசிச் சாக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று பேரம் பேசி முடித்தோம்.

அடைத்து வைக்க அவரே வழி செய்தார். சில்வர் ஓக் பலகையில் நாலடிக்கு மூன்றடி தொட்டில் மாதிரி ஒரு கூண்டு. தரையில் சாக்கு, அதன் மேல் கம்பளி. குட்டி திரும்பிப் படுக்கலாம், எழலாம், ஓட முடியாது. மலம் கழிக்க வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தூக்கிப் போக வேண்டும். முதல் வாரம் சுலபம். பத்தாம் நாள் வலி குறைந்ததும் குட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாலாட்டிக் கூண்டை முட்டியது. அந்த நாட்கள்தான் ஆபத்து. வலி போய்விடும், எலும்பு இன்னும் காகிதம். போனில் தினமும் ஒரே கேள்வி: "இப்போது விடலாமா, டாக்டரம்மா?" தினமும் ஒரே பதில்.

செந்நாய் வாதம்

ஐந்தாம் வாரப் படத்தில் எலும்பின் புறச்சுவர் தடித்திருந்தது; மடிப்பைச் சுற்றிப் புது எலும்பு வெண்மையாகக் கூடியிருந்தது. எட்டாம் வாரம் கயிற்றில் பிடித்து முற்றத்தில் ஐந்து நிமிடம் நடக்கவிட்டோம். அன்றைக்கே ஹவில்தார் கேட்டார்: "இனி மறுபடி பச்சை இறைச்சி, எலும்போடு, சரியான கணக்கில் ஆரம்பிக்கலாமா? முதுமலையில் செந்நாய்க்கு யார் சமைத்துப் போடுகிறார்கள்?"

இந்தக் கேள்விக்கு என் பதில் நீளமானது. அவருக்குச் சொன்னதை இங்கே சுருக்குகிறேன். செந்நாய் புள்ளிமானை அடித்தால் தொடைக்கறி அரைக் கிலோ என்று நிறுத்து வாங்குவதில்லை. குடல், ஈரல், இரத்தம், கடிக்க முடிந்த எலும்பு எல்லாம் கூட்டமாகத் தின்கிறது. அதன் வயிற்றில் புழு இருக்கும், பல் உடைந்திருக்கும். யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. அது பேத்தியின் கன்னத்தை நக்குவதும் இல்லை. மேலும் நம் நாய் செந்நாயின் பிள்ளை அல்ல. ஓநாய் வழி வந்து, மனிதனின் அடுப்படியில் பல்லாயிரம் ஆண்டு கிடந்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்று 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த மலையில் படகர் ஊர்களான ஹட்டிகளின் பழைய நாய்களும் ராகிக் களியிலும் மோரிலும் மீதி எலும்பிலும் வளர்ந்தவைதானே. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். வேறெந்தத் தானியமும் அதன் பக்கத்தில் நிற்காது. பாட்டிமார் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் தட்டு காலியாக இல்லை.

பச்சை இறைச்சி கொடுத்தால் நாய்க்கு மூர்க்கம் வரும், சிறுத்தையை விரட்டும் என்ற நம்பிக்கையும் அவருக்கு உள்ளே இருந்தது. சமைத்த சோற்றில் வளர்ந்த நாயும் குரைக்கும்; பச்சை இறைச்சியில் வளர்ந்த நாயையும் சிறுத்தை தூக்கும். இரவில் உள்ளே கட்டுவதுதான் காவல்.

என் உண்மையான தயக்கம் அம்மியில் இருந்தது. கோழிக் கழுத்து நசுங்கிய அதே அம்மியில்தான் காலையில் தேங்காய்ச் சட்னி. 2002-இல் வெளியான கனடா ஆய்வொன்றில் பச்சை உணவு தின்ற பத்து நாய்களின் உணவு மாதிரிகளில் எட்டிலும், மல மாதிரிகளில் மூன்றிலும் சால்மோனெல்லா கிருமி இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நாய் நோயில்லாமல் குதித்துக்கொண்டிருக்கும்போதே கிருமியை வீட்டுக்குள் விதைக்கலாம் என்பது அதில் தெளிவு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்று கொள்கையாகவே சொன்னது. "இங்கே குளிர்தானே, இறைச்சி கெடாது" என்பார்கள். குன்னூர்க் குளிர் மனிதனுக்குக் குளிர். சால்மோனெல்லாவுக்கு இதமான காலநிலை. ஃப்ரீசர்கூட அதைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பயம் ஈரலில். ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் நிரம்பிய கொப்புளங்கள் சில சமயம் இருக்கும். கடைக்காரர் அவற்றைக் கழித்துத் தெருநாய்க்கு வீசுவார். அதற்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்புழு. நாயின் குடலில் அரிசி நீளத்துக்கும் குறைவான புழுவாக வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. அதன் முட்டை மலத்தோடு மண்ணுக்கும் கேரட் பாத்திக்கும் போகும். மனிதர் வாய்க்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக ஆண்டுக்கணக்கில் வளரும்; பிறகு அறுவைச் சிகிச்சை. பச்சை ஈரல் தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிக்வாண்டல் மாத்திரை வேண்டும். ஈரலை வேகவைத்தால் இந்தக் கதையே இல்லை.

வளர்ச்சி முடிந்த, நலமான நாய்க்கு, சிறு பிள்ளைகளும் நோயாளிகளும் இல்லாத வீட்டில், கணக்குத் தெரிந்தவர் கொடுக்கும் பச்சை உணவைப் பார்த்து நான் கூச்சல் போடமாட்டேன். வளரும் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு, ஆறு வயதுப் பேத்தி இருக்கும் வீட்டில், எழுதித் தரமாட்டேன். எலும்பு என்றால் வெந்தது எப்போதும் கூடாது. பச்சையிலும் பல் பிளக்கும் தொடையெலும்பு கூடாது.

ஹவில்தார் சண்டையில்லாமல் பின்வாங்குபவர் அல்ல. கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆயிற்று: ஒரு வயது வரை தீவனம், அதன் மேல் நாளைக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த எலும்பில்லாத இறைச்சி, மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். ஒரு வயதுக்கு மேல் வீட்டுச் சமையலுக்கு மாற விரும்பினால் என்னிடம் வந்து நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். அப்போது கால்சியத்துக்கு முட்டை ஓடு: கழுவி, வாணலியில் வறுத்து, மாவாக அரைத்தால் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம், முப்பது கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குப் போதும். ஓடு கால்சியத்தை மட்டும்தான் தரும். துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் இ எல்லாம் தனிக் கணக்கு.

பின்தொடர்தல்

ஏழு மாத வயதில் எடை 24.5 கிலோ. ஓடுகிறது, படி ஏறுகிறது. வலது தொடையெலும்பில் இலேசான வளைவு நிரந்தரமாக நின்றுவிட்டது. நடையைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். இடுப்பெலும்பின் வழி முழுதாக அகலவில்லை. மலம் இறுகாமல் வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்கான நாயாக இனி ஓட்டிப் பழக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் தடுப்பூசிக்கு வந்தார்கள். ஹவில்தார் நோட்டைத் திறந்தார். இது இரண்டாவது நோட்டு. பத்திகள் ஏழாகியிருந்தன. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்றின் தலைப்பு "கேட்க வேண்டியவை". அதில் அன்றைய தேதிக்கு நேரே மூன்று கேள்விகள் இருந்தன, மூன்றாவது, "பேத்தி கொடுத்த முறுக்கு எத்தனை வரை பரவாயில்லை?" முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, பூச்சி மாத்திரைக்கான அடுத்த தேதியை எழுதச் சீட்டை எடுத்தேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்; தேதி ஏற்கெனவே அங்கே இருந்தது.